அடுப்படிக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் நடுவில் ஒரு நாவல்

கேள்வி: எனக்கு வயது 36. மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. நாலரை மணிக்கு எழும்பினால் சமையல், பிள்ளைகளை அனுப்புவது, மாமிக்கு மருந்து, அப்புறம் தையல் மெஷின் என்று ராத்திரி பத்தாகிவிடும். கல்லூரியில் படித்தபோது நூலகத்திலிருந்து எடுத்து எடுத்து நாவலாகப் படித்துத் தள்ளியவள் நான். இப்போது எதை எடுத்தாலும் இருபது பக்கம் தாண்டுவதில்லை. நாகர்கோவில்காரர் எழுதியது என்று ஆசையாக ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வாங்கினேன். மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் வைத்துவிட்டேன். மூளை மழுங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. கீழே வைக்க மனசு வராத நாவல்களாகச் சொல்லுங்கள். நான் புத்தகமும் கையுமாக இருந்தால் மாமி முணுமுணுப்பார். மகளோ என்கூடச் சேர்ந்து படிக்க ஆசைப்படுகிறாள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எடுத்த புத்தகம் இந்தக் காலகட்டத்துக்குத் தோதானது இல்லை, அவ்வளவுதான். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) பெரிய நாவல். ஆனால் அதில் அடுத்து என்ன நடக்கும் என்கிற இழுப்பு கிடையாது. ஜோசப் ஜேம்ஸ் என்ற கற்பனையான மலையாள எழுத்தாளரைப் பற்றிப் பாலு என்பவர் சொல்லும் நினைவுகளும், அந்த எழுத்தாளரின் நாட்குறிப்புகளும்தான் நாவல். ஒரு பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்து யோசிக்க வேண்டும். நீங்கள் நிமிர்ந்தால் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பிள்ளைகள் வளர்ந்தபிறகு படிக்கலாம்.

அதே ஆசிரியரின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை (1966) எடுத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். ரோடுகள் கூடுகிற முச்சந்தியில் நிற்கும் ஒரு புளியமரம், அதைச் சுற்றி வளர்கிற ஊர், கடைசியில் அந்த மரத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் கதை. முதல் பகுதியில் தாமோதர ஆசான் வந்து உட்கார்ந்து கதை சொல்வார் பாருங்கள், அந்த இடத்தில் யாராலும் எழுந்து போக முடியாது. ஆசானின் கதைகள் தனித்தனியாக முடிகிறவை. ஒன்றைப் படித்து வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வந்தாலும் நூல் அறுந்திருக்காது.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். நேரம் குறைவாக உள்ள தாய்மாருக்கு வேண்டியது மெல்லிசான புத்தகமோ லேசான புத்தகமோ அல்ல. விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால் உடனே உள்ளே இழுத்துக்கொள்கிற புத்தகம். பக்கக் கணக்கைப் பார்க்காதீர்கள். அத்தியாயத்தின் நீளத்தைப் பாருங்கள். சோறு வேகிற நேரத்தில் ஓர் அத்தியாயம் முடிகிறதா? அப்படியானால் அது உங்களுக்கான நாவல்.

இந்தக் கணக்கில் பார்த்தால், பத்திரிகைகளில் தொடர்கதையாக வந்த நாவல்களுக்கு ஈடே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, வீட்டு வேலைக்கு நடுவே படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை அவை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து வைத்த அம்மாக்களும் பாட்டிகளும் எத்தனையோ பேர். போன வாரம் படித்ததை வாசகர் பாதி மறந்திருப்பார் என்று கல்கிக்குத் தெரியும். அதனால் ஓர் ஆள் நெடுநாள் கழித்துத் திரும்ப வரும்போது, அவர் யார், எங்கே பார்த்தோம் என்று கூடவே நினைவுபடுத்திவிடுவார். அத்தியாயம் முடிகிற இடத்தில் யாராவது ஒளிந்திருப்பார்கள், அல்லது யாரோ கதவைத் தட்டுவார்கள். நாலு நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்தாலும் கவலை வேண்டாம், அந்த எழுத்தே உங்களைத் திரும்பக் கூட்டிக்கொள்ளும்.

ஐந்து பாகம் என்று மலைக்க வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். ஜனங்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தொடங்கி, கடம்பூர் மாளிகையில் அவன் கண்ணில் படுகிற நள்ளிரவுக் கூட்டம் வரைக்கும் போய்விட்டால், மற்றதைக் கதையே பார்த்துக்கொள்ளும். சினிமாவைப் பார்த்திருந்தாலும் படியுங்கள். நந்தினி பேசுகிற பேச்சின் ருசி புத்தகத்தில்தான் முழுசாகக் கிடைக்கும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகமும் உண்டு. போனில் குரல்பதிவாகவும் கேட்கலாம். தையல் மெஷினில் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். காதால் கேட்டாலும் நாவல் நாவல்தான், அதைக் குறைச்சலாக நினைக்காதீர்கள்.

தொடர்கதை வரிசையில் இன்னொன்று, சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. நாட்டுப்பாடல் ஆராய்ச்சிக்காக ஒரு கிராமத்துக்கு வந்து ஜமீன் பங்களாவில் தங்குகிற கல்யாணராமனின் கதை. ராத்திரியில் வீட்டுக்குள் கேட்கிற சத்தங்களும் கொலையும் சேர்ந்து ஓட ஓட விரட்டும். இதை மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தால் கஷ்டம்.

சரி, இனி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறேன். இவ்வளவு சின்ன மாவட்டத்திலிருந்து இத்தனை நல்ல நாவல்கள் வந்திருக்கும்போது, இங்கேயே இருக்கிற ஒரு பெண் அவற்றைப் படிக்காமல் போவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

முதலில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). உங்களுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். எழுதியவர் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியை. ஒரு காலத்தில் செல்வாக்காக இருந்து நொடித்துப்போன வீடு. அங்கே வளர்கிற பேத்தி லிஸி. வயசுக்கு வந்ததும் அவளுடைய பள்ளிக்கூடம் நிற்கிறது, வாசல்படி தாண்டுவதும் நிற்கிறது. அந்த வீட்டுப் பனையில் ஏறுகிறவரின் மகன் தங்கராஜ். இருவருக்கும் நடுவே உள்ள ஆசை அதிகம் பேசுவதே இல்லை. ஒரு பார்வை, ஒரு புத்தகம், ஒரு சின்ன விசாரிப்பு, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் இருந்தபடியே அந்தப் பெண் எப்படித் தன் பிடியை விடாமல் காத்திருக்கிறாள் என்பதை ஹெப்சிபா எழுதியிருக்கிற விதம் இருக்கிறதே, நாள் முழுக்க வீட்டையே சுற்றிச் சுற்றி வருகிற உங்களுக்கு அது சட்டென்று பிடிபடும். பிற்பாதியில் ஒரு கொலையும் உண்டு. யார், என்ன என்று இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன். சின்ன நாவல். பேச்செல்லாம் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சு. வேறு ஊர்க்காரர்கள் அடிக்குறிப்பைத் தேடுகிற இடத்தை நீங்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவீர்கள்.

மாமி விஷயத்துக்கும் இதே புத்தகத்தில் வழி இருக்கிறது. மத்தியானம் மாமிக்கு மருந்து கொடுத்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து ‘புத்தம் வீடு’ முதல் அத்தியாயத்தைச் சத்தம்போட்டு வாசியுங்கள். பனையேற்றும் அக்கானியும் (பதநீர்) கருப்பட்டியும் அவர் தலைமுறை கண்ணால் பார்த்தது. இரண்டு பக்கம் போவதற்குள் “அது அப்பிடியில்ல பிள்ளே, அக்கானிய முதல்ல வடிக்கணும்” என்று குறுக்கே வருவார். வரட்டும், விடுங்கள். மறுநாள் “அந்தக் கொச்சுக்கு என்னாச்சு?” என்று அவரே கேட்டால், உங்கள் வாசிப்புக்கு வீட்டில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஒருவேளை கேட்கவில்லை என்றாலும் நீங்கள் நிறுத்த வேண்டாம். நாலரை மணியிலிருந்து ஓடுகிற ஒருத்தி அரை மணி நேரம் உட்கார்ந்து படிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

அடுத்து, தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988). தேங்காய்ப்பட்டணம் உங்களுக்கு எட்டின தூரம்தான். வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி என்கிற ஆளின் அதிகாரமும், ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை அவர் எதிர்ப்பதும், அந்த அதிகாரம் கண்ணெதிரே கரைவதும் கதை. அந்த வீட்டுப் பெண்கள் படுகிற பாடு மனசை விட்டுப் போகாது. தொடக்கத்தில் அரபிச் சொற்களும் மலையாளச் சொற்களும் கொஞ்சம் தடுக்கும், நிற்காமல் போங்கள்.

நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) வேகமாக ஓடும். படித்துவிட்டு வேலை கிடைக்காத ஏழை வீட்டுப் பையன் சிவதாணு, வசதியான வீட்டில் பெண் எடுக்கிறான். அப்புறம் மாமனார் வீட்டில் அவன் மரியாதை என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். தங்கர் பச்சான் இதைத்தான் 2002இல் ‘சொல்ல மறந்த கதை’ என்று படமாக எடுத்தார். ‘அவன் பக்கம் மட்டும் பேசாதீர்கள், அவளுக்கும் மனசு இருக்கிறது’ என்று அங்கங்கே சிவதாணுவின் மனைவிக்காக உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு வந்தது.

நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியலில் நடப்பது. இதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சடங்கு, சம்பிரதாயம், உறவுமுறை என்று ஆரம்பத்தில் அடர்த்தியாக இருக்கும். பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறை வரும்போது எடுத்தால் சரியாக இருக்கும். குற்றம் சொல்லிக் கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அக்காவுக்காகத் தம்பி திரவி படுகிற தவிப்பும், உண்ணாமலை ஆச்சியும் அந்தப் பொறுமைக்கு ஈடு கொடுப்பார்கள்.

மலர்வதியும் நம்ம மாவட்டத்துக்காரர். அவருடைய ‘தூப்புக்காரி’க்கு 2012இல் சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தருகிற யுவ புரஸ்கார் விருது கிடைத்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற தாயும் மகளும் பற்றியது. சிறியது, ஆனால் கனமானது. மனசு சோர்ந்திருக்கிற வாரத்தில் எடுக்காதீர்கள்.

ஊருக்கு வெளியே என்றால் இரண்டே இரண்டு. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’: சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்திலிருக்கும் டீச்சரம்மா. வாழ்க்கையே வேண்டாம் என்று ஜமுனா உட்கார்ந்துவிட்ட நேரத்தில், டீச்சரம்மா தன் கதையைச் சொல்லி, அவளை எழுப்பித் தண்ணீர் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போகிற இடம் எத்தனை தடவை படித்தாலும் தைரியம் தரும். மற்றது மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’. இதைத் தமிழில் கொண்டுவந்தவரும் சுந்தர ராமசாமிதான். கதாநாயகி கருத்தம்மாவின் கதையை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அவளுடைய அம்மா சக்கியைக் கவனித்துப் படியுங்கள், வளர்ந்துவருகிற மகளை வைத்துக்கொண்டு அவள் பயப்படுகிற பயத்தை.

எப்போது படிப்பது? ராத்திரி பத்து மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும், நாவல் மேல் வீண்பழி விழும். மகனைக் கூப்பிடப் போகிற பள்ளிக்கூட வாசலில் பத்து நிமிடம், நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போது, டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது, அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வேகும்போது. புத்தகம் அலமாரியில் இருந்தால் இதில் ஒன்றுகூட நடக்காது. பையில் ஒன்று, சமையலறை ஜன்னல்படியில் ஒன்று கிடக்கட்டும். ஒரே சமயத்தில் இரண்டு நாவல் படித்தால் குழம்பும் என்பார்கள். பொன்னியின் செல்வனும் புத்தம் வீடும் ஒன்றோடொன்று குழம்ப வழியே இல்லை.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர ஆகிற செலவு சொற்பம். அங்கே இல்லாததை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சுந்தர ராமசாமியின் புத்தகங்களை வெளியிடுகிற காலச்சுவடு பதிப்பகமே நாகர்கோவிலில், கே.பி. ரோட்டில்தான் இருக்கிறது.

மகளுக்குப் பொன்னியின் செல்வனின் முதல் பாகத்தைக் கொடுங்கள். இருவரும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு அடையாளச் சீட்டு வைத்துப் படிக்கலாம். அவள் உங்களை முந்திப் போய்விடுவாள், கதையை முன்கூட்டியே சொல்லக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். புளியமரத்தின் கதையில் ஆசான் வருகிற பகுதிகளையும் அவள் ரசிப்பாள். புத்தம் வீட்டை நீங்கள் முடித்தபிறகு, லிஸியின் பள்ளிக்கூடம் நின்ற இடத்தை மட்டும் அவளுக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள்; அவள் கேட்கிற கேள்விகளைப் பொறுத்து முழுப் புத்தகத்தையும் கொடுக்கலாம். தலைமுறைகளும் தூப்புக்காரியும் அவள் பத்தாம் வகுப்பு முடித்தபிறகு போதும்.