வெல்டிங் மெஷினைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: கொழும்பில் வீட்டு வளவிலேயே குழாய் சேசிஸும் ரோல் கேஜும் சொந்தமாக வெல்ட் செய்து ஒரு சின்னக் கார் கட்டலாமா? என்ன குழாய், என்ன மெஷின் வாங்குவது?

கட்டலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டும் இரண்டு வேறு வேலைகள். சேசிஸ், அதாவது காரைத் தாங்கும் சட்டகம், முறுகக் கூடாது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது சட்டகமே முறுகினால், சஸ்பென்ஷனுக்கு நீங்கள் போட்ட கணக்கெல்லாம் வீண். ரோல் கேஜ், அதாவது கூண்டு, கார் புரளும் அந்த ஒரு தடவைக்காகக் காத்திருக்கிற சாமான். அது வளையலாம், பிய்ந்து போகக் கூடாது. அதனால் சேசிஸுக்கு வடிவம்தான் முதல். கூண்டுக்கு இரும்பின் தரமும் வெல்டும் முதல். பழைய சோனகத் தெருவில் கிடைக்கிற சாதாரண சதுரக் குழாயில் நல்ல சேசிஸ் கட்டிவிடலாம். அதே குழாயில் கூண்டு கட்டினால் அது அலங்காரம் மட்டுமே.

முதலில் சேசிஸ். 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பார்த்து உலகம் முழுக்க ஆட்கள் வீட்டில் கட்டுகிற கார்களில் 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. சுவர் என்பதுதான் வழக்கம். மீற்றருக்கு 1.2 கிலோ அளவில் வரும். தடித்த குழாய் வாங்கினால் பலம் கூடும் என்று நினைத்துப் பாரத்தைத்தான் கூட்டுவார்கள். பலம் முக்கோணத்தில் இருக்கிறது. நாலு ஈர்க்கைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையில் தள்ளுங்கள், சரிந்துவிடும். மூலைக்கு மூலை இன்னொரு ஈர்க்கு வைத்துக் கட்டுங்கள், அசையாது. சேசிஸ் டிசைனில் பாதி இவ்வளவுதான்.

மற்றப் பாதி, முக்கோணம் வைக்க முடியாத இடங்களை என்ன செய்வது என்பது. இஞ்சினை மேலால் தூக்க வேண்டும் என்பதால் இஞ்சின் அறையின் மேல்பக்கம் திறந்திருக்கும். ஆள் ஏறி உட்கார வேண்டும் என்பதால் இருக்கைப் பகுதியும் திறந்திருக்கும். சட்டகம் முறுகுவது பெரும்பாலும் இந்த இரண்டு ஓட்டைகளில்தான். இஞ்சின் மேல் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு குறுக்குக் குழாயைப் போல்ட்டில் போடலாம். இருக்கைப் பகுதிக்கு, இரண்டு இருக்கைக்கும் இடையில் ஓடும் நடுச் சுரங்கத்தையும் பக்கச் சுவர்களையும் ஆழமாக எடுத்து ஈடு கட்டலாம். இன்னொன்று: சஸ்பென்ஷன் கைகள் பூட்டும் பிராக்கெட் எல்லாம் குழாய்கள் சந்திக்கும் மூட்டில் வர வேண்டும். குழாயின் நடுவில் வெல்ட் செய்த பிராக்கெட் அந்தக் குழாயை வளைத்துக்கொண்டே இருக்கும். கணினியில் வரைந்தாலும் சரி, பத்தில் ஒரு பங்கு அளவில் ஈர்க்கும் பசையும் வைத்து ஒரு மாதிரி செய்து இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் நெளிகிறது என்று விரலே சொல்லிவிடும். மென்பொருளில் வண்ண வண்ணப் படம் பார்ப்பதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

உண்மைச் சட்டகத்தையும் பொட்டு வெல்ட் நிலையிலேயே, அதாவது மூட்டுகளைச் சின்னச் சின்னப் பொட்டுகளால் மட்டும் ஒட்டியிருக்கும்போதே, சோதிக்கலாம். பின்பக்கத்தை இரும்பு மேசையில் இறுகப் பூட்டுங்கள். முன்பக்கத்தை நடுவில் ஒரே ஒரு புள்ளியில் தாங்குங்கள். குறுக்கே ஒரு உத்தரத்தைப் பூட்டி, நடுவிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் 50 கிலோ சீமெந்துப் பையைத் தொங்கவிடுங்கள். உத்தரத்தில் ஒரு மீற்றருக்கு 17.5 மி.மீ. சரிவு வந்தால் அது ஒரு பாகை முறுக்கு. ஒரு குழாயைக் கிளாம்ப்பில் கூடுதலாகப் பிடித்துவைத்து மறுபடி அளந்து பாருங்கள். சரிவு குறையவில்லை என்றால் அந்தக் குழாய் வெறும் பாரம், எடுத்துவிடுங்கள்.

சரி, கூண்டு. இங்கே சொந்த மூளைக்கு வேலை குறைவு. சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏ, அதன் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253இல் எல்லாம் எழுதி வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசம். ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்குக் குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ், அதாவது தையல் இல்லாத, கார்பன் உருக்கு, 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. சுவர், அல்லது 50க்கு 2. மற்ற உறுப்புகளுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. சூடாக்கி வளைக்கக் கூடாது. மணல் நிரப்பி நெருப்பில் வளைக்கும் கைவேலையை மாடிப்படிக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயாக இருப்பதன் லாபத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45க்கு 2.5 குழாய் மீற்றருக்கு 2.6 கிலோ. 20 மி.மீ. கம்பி ஏறக்குறைய அதே பாரம்தான், 2.5 கிலோ. ஆனால் வளைவை எதிர்ப்பதில் குழாய் ஒன்பது மடங்குக்கும் மேல்.

கொழும்பில் தலைவலி சரியான குழாயைத் தேடுவதுதான். ஹாட்வெயாரில் 'நல்ல பைப்' என்று எடுத்துக் காட்டுவது அநேகமாகத் தண்ணீர்க் குழாய். அது தகட்டைச் சுருட்டி ஒட்டியது, நீளத்துக்கும் ஒரு தையல் ஓடும். மேலே நாகப் பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, வேறு. வெல்ட் செய்யும்போது அந்தப் புகையை இழுத்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும், நாகம் கலந்த வெல்டும் பொரிந்து போகும். கொதிகலன் சாமான் விற்பவர்களிடம் சீம்லெஸ் கிடைக்கும். ஆனால் ஒன்றரை அங்குலம் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் 48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.7 மி.மீ. சுவர். மீற்றருக்கு 4 கிலோ, அதுவும் சூட்டில் உருவாக்கியது. கையில் உருக்காலைச் சான்றிதழ் இல்லாமல் கூண்டுக்குக் குழாய் வாங்காதீர்கள். விலைக்கு வாதாடுங்கள், இதற்கு வேண்டாம்.

யாராவது குரோமோலி, அதாவது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு, வாங்கச் சொல்வார்கள். அது உடைவதற்கு முன் தாங்கும் பலம் கூடியதுதான். ஆனால் விறைப்பில் சாதாரண உருக்குக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதே அளவுக் குழாயில் சேசிஸ் கட்டினால் முறுக்கு ஒரு துளியும் குறையாது, காசுதான் குறையும்.

இப்போது வெல்டிங். கேட், கிரில் செய்கிற வெல்டிங் பாஸ்மாரின் கையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். குச்சி வெல்டிங்கில் அவர்கள் போடும் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் 1.6 மி.மீ. சுவரில் குச்சி ஓட்டை போட்டுவிடும். குச்சிக்குப் பதில் வயர் தானாக வந்துகொண்டிருக்கும் மிக் மெஷின், 0.8 மி.மீ. வயர், ஆர்கனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயு, இதுதான் வழி. வீட்டு மின்சாரத்தில் ஓடும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் தாராளம். இந்தச் சுவர்த் தடிப்புக்குப் பாதியளவில்தான் அதை ஓட்டுவீர்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் பின்னேரக் கடற்காற்று வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும், வெல்ட் முழுக்க ஊசித் துளை. மூன்று பக்கமும் பலகை மறைப்பு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்வையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாயும் குழாயும் சேரும் முனையை மீன்வாய் போல வெட்டி, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருத்த வேண்டும். இடைவெளியை வெல்டால் நிரப்புகிறவரிடம் கூண்டைக் கொடுக்காதீர்கள். முழுச் சட்டகத்தையும் பொட்டு வைத்து முடித்த பிறகுதான் முழு வெல்ட், அதுவும் ஒரு மூலை, பிறகு எதிர் மூலை என்று மாறி மாறி. ஒரே பக்கமாகப் போனால் சூடு சட்டகத்தை வாழைப்பழமாக்கிவிடும். கூண்டின் வெல்டைக் கிரைண்டரால் வழித்து அழகாக்க வேண்டாம். அதே குழாய்த் துண்டுகளில் மூட்டுகள் செய்து, ஒன்றை அறுத்து உள்ளே பாருங்கள், ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நசுக்குங்கள். குழாய் கிழிய வேண்டும், வெல்ட் விடக் கூடாது. அது நடக்கும்வரை காரில் கை வைக்காதீர்கள்.

பஞ்சிகாவத்தையில் பாகம் பொறுக்கி, பழைய கார் ஒன்றுக்குள் கூண்டு போடத் திட்டமா? கூண்டின் காலைக் காரின் அடித்தட்டில் நேரே ஊன்றினால், துரு தின்ற தட்டைக் குத்திக்கொண்டு இறங்கும். பிரதான வளையத்தின் ஒவ்வொரு காலுக்கும் 3 மி.மீ. தடிப்பில் குறைந்தது 120 சதுர சென்ரிமீற்றர் தகடு வேண்டும்.

கடைசியாக, வீதியில் ஓட்டும் காருக்குக் கூண்டே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தலைக்கவசமும் பல முனை இருக்கைப் பட்டியும் இல்லாமல் போகிறவருக்கு, சின்ன மோதலிலும் தலை போய் இடிக்கும் இடம் அந்தக் குழாய்தான். பதிவு வேறு. சேசிஸைத் தொடும் எதற்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுக்குருந்தைப் போன்ற ஓட்டத்தடத்துக்கு மட்டும் என்றால், குழாய் வாங்கப் போக முன்பே வரைபடத்தைப் போட்டியின் வாகனப் பரிசோதகரிடம் காட்டுங்கள். நீங்கள் தலைக்கவசத்தோடு இருக்கையில் உட்கார்ந்து, முன் வளையத்தின் உச்சியிலிருந்து பின்னால் நிற்கும் பிரதான வளையத்தின் உச்சிக்கு ஒரு நூல் பிடித்து, தலைக்கவசம் அதற்குக் கீழே 50 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு வரையுங்கள். மாணவர் ஃபோர்முலா கார்களுக்கான விதி இது, வீட்டுக் காருக்கும் நன்றாகவே பொருந்தும்.