ஃபாரோ தீவுகளில் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறார்களாமே, அதையெல்லாம் ஒரு கால்பந்து லீக் என்று மதிக்க முடியுமா? அவர்களுக்குச் சம்பளம் உண்டா?

தாராளமாக மதிக்கலாம். உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால், வார இறுதிகளில் இங்கிலாந்து, ஸ்பெயின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, வட அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ 54,000 பேர் வாழும் தீவுக்கூட்டத்துக்கு லீக் ஒரு கேடா என்று எண்ணுகிறவராகத் தெரிகிறீர்கள். தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு அங்கே ஒரு சால்மன் பண்ணையில் வேலை பார்த்தவன், அந்த ஆட்டங்களின் பின்னால் ஒரு பருவம் முழுக்க அலைந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்த லீக் 1942-இல் தொடங்கியது. போர்க்காலத்தில் பந்து கிடைக்காமல் 1944-இல் மட்டும் நடக்கவில்லை. இப்போது முதல் பிரிவில் பத்து அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பதோடும் மும்முறை மோத, மார்ச் முதல் அக்டோபர் வரை 27 சுற்றுகள். மழை, மூடுபனி, காற்று எது வந்தாலும் அந்த 27-ஐயும் ஆடி முடிக்கிறார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அதை லீக் ஆக்குகிறது.

என்னோடு பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் கீழ்ப் பிரிவு அணியொன்றின் கோல்கீப்பர். பெரும்பாலான தீவுகளைப் பாலங்களும் கடலடிச் சுரங்கச் சாலைகளும் இணைத்துவிட்டன. 2020-இல் திறந்த சுரங்கத்தில் கடலுக்கு அடியிலேயே ஒரு ரவுண்டானா கூட உண்டு. ஆனால் தென்கோடித் தீவான சூதுரோய்க்கு அப்படி வழியில்லை. தலைநகர் டோர்ஸ்ஹவ்னிலிருந்து ஸ்மிரில் என்ற கப்பலில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். அந்த அணியோடு நானும் ஒருமுறை போனேன். மீன் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த பின்கள ஆட்டக்காரர், மூன்று இருக்கைகளில் நீட்டிப் படுத்து, பையைத் தலைக்கு வைத்து, கரை வரும்வரை கண் திறக்கவில்லை. ஆட்டத்தில் காற்று எப்படி அடித்தது என்றால், என் நண்பர் ஓங்கி உதைத்த கோல் கிக் நடுக்களத்தை எட்டாமல் மேலெழும்பித் திரும்பி, அவர் தலைக்கு மேலாகவே எல்லைக் கோட்டைக் கடந்தது. நடுவர் சிரிக்காமல் எதிரணிக்குக் கார்னர் கொடுத்தார். இதையெல்லாம் அங்கே யாரும் பேச்சாகவே எடுத்துக்கொள்வதில்லை.

“அப்படியானால் தரம்?” என்று சிலர் கருத்துப் பெட்டியில் வரிசைகட்டுவார்கள் என்று தெரியும். தரத்தில் பெரிய லீக்குகளுக்கு இணை என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் 1990 செப்டம்பர் 12 அன்று, ஃபாரோ அணி தன் முதல் ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 1-0 என வென்றபோது, கம்பளிக் குல்லாயோடு கோல் காத்த யென்ஸ் மார்ட்டின் நுட்சன் மீன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். சொந்த நாட்டில் புல்தரை மைதானம் இல்லாததால் அந்த ஆட்டத்தை ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில் ஆட வேண்டியிருந்தது. 2023-இல் கிளாக்ஸ்விக் நகரின் கே.ஐ. கிளப், ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஷை அதன் சொந்த ஊரிலேயே 3-0 என வீழ்த்தி, பிறகு ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்று வரை போனது. அந்த அணியில் முழுநேர ஆட்டக்காரர்களும் இருந்தார்கள் என்று நீங்கள் திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இருந்தார்கள், ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்களும் அவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள்.

இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்கு வேறு காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்தின் மக்கள்தொகை அந்த நாட்டைப்போல் பல மடங்கு. இருந்தும் நான் ஆடிய காலத்தில் எங்கள் மாவட்டத்தில் லீக் அட்டவணை என்ற ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. கோயில் திருவிழாவை ஒட்டி அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி இரண்டு நாள் நடக்கும். கோப்பையும் பிரியாணியும் உண்டு. அதோடு அடுத்த வருடம்தான். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் தேவைப்படும் ஆண்டில் மட்டும், நடக்காத லீக் காகிதத்தில் நடந்து முடிந்திருக்கும். எங்களில் நன்றாக ஆடியவர்கள் பலர், ஏழெட்டு மாதம் தொடர்ந்து ஆடினால் தாங்கள் எங்கே நிற்போம் என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். எல்லா மாவட்டமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் ஒழுங்காக நடந்தால் மகிழ்ச்சி.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேல்மட்டக் கிளப்புகளில் சிலருக்குக் கிடைக்கிறது. கீழ்ப் பிரிவில் ஆடிய என் நண்பருக்கு ஜெர்சியும் கப்பல் டிக்கெட்டும் மட்டுமே கிளப் கணக்கு. கையுறை அவருடைய சொந்தச் செலவு.