புது ஆல்பம் வந்தாச்சு, வாங்கலாமா?

இந்த முறை எல்லாக் கேள்விகளும் புது ஆல்பங்கள் பற்றியே. கேட்டவர்களில் பாப் ரசிகர் முதல் மெட்டல் (அதிரடி கிட்டார் இசை) ரசிகர் வரை இருக்கிறார்கள். பணம் வீணாகும் இடம் மட்டும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லா வகை இசையிலும் புது ஆல்பங்கள் வந்து கொட்டுகின்றன. முன்பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது என்று வேறு பயமுறுத்துகிறார்கள். எதை உடனே வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

பதில்: இந்த வெள்ளிக்கிழமை ஏற்பாடு 2015 ஜூலை 10-ல் தொடங்கியது. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று நாட்டுக்கு நாடு வேறாக இருந்தது. ஒரு நாட்டில் வெளியான பாட்டு, அடுத்த நாட்டில் கடைக்கு வருவதற்குள் திருட்டுப் பிரதியாகப் பரவிவிடும். அதைத் தடுக்க ஒரே நாள் என்று வைத்தார்கள். தரவரிசைப் பட்டியலுக்கான வாரமும் வெள்ளியில்தான் தொடங்குகிறது. முன்பதிவு விற்பனை அத்தனையும் அந்த முதல் வாரக் கணக்கில் சேரும். ஆக, அவசரம் அவர்களுக்கு. உங்களுக்கு என்ன வந்தது?

நான் செய்வது இதுதான்: ஸ்ட்ரீமிங்கில் மூன்று தடவை, வெவ்வேறு நாட்களில் கேட்பேன். மூன்றாவது தடவை நானாகத் தேடிப் போய்க் கேட்டிருந்தால் வாங்குவேன். பாதி ஆல்பங்கள் அந்த மூன்றாவது தடவைக்கு வந்து சேர்வதே இல்லை.

விதிவிலக்கு உண்டு. சின்ன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒன்று முந்நூறு, ஐந்நூறு இசைத்தட்டுகள் மட்டும் அச்சிட்டு எண் போட்டு விற்கிறது என்றால் உடனே வாங்குங்கள், அது நிஜமாகவே தீர்ந்துவிடும். பெரிய நட்சத்திரத்தின் ஆல்பத்தில் 'லிமிடெட்' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அந்தத் தட்டின் நிறம் மட்டும்தான் லிமிடெட். பாட்டு அடுத்த வருடமும் கிடைக்கும்.

முன்பதிவு செய்தே தீருவேன் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பணத்தை இப்போதே எடுக்கிறார்களா, அனுப்பும்போதா? தேதி தள்ளிப்போனால் ரத்து செய்ய விடுவார்களா? ஒரே ஆர்டரில் இரண்டு ஆல்பம் போட்டால் தனித்தனியாக அனுப்புவார்களா? இந்த மூன்றாவதை நான் பார்க்காமல் விட்டேன். முதலில் வந்த ஆல்பம், இரண்டாவது வரும்வரை கிடங்கிலேயே தூங்கியது. நாலு மாதம்!

கேள்வி: நான் பாப் ரசிகை. ஒரே ஆல்பம் ஐந்து அட்டையில் வருகிறது, அப்புறம் கூடுதல் பாட்டோடு 'டீலக்ஸ்' என்று இன்னொன்று. எதை வாங்கினால் முழு ஆல்பம் கிடைக்கும்?

பதில்: அட்டையை விடுங்கள், பாடல் பட்டியலை எண்ணுங்கள். பியான்சே 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆல்பத்தில் இணையத்தில் 27 தலைப்புகள் இருந்தன. முன்பதிவு செய்தவர்கள் கைக்கு வந்த எல்பியில், அதாவது வினைல் இசைத்தட்டில், ஐந்தைக் காணோம். வினைல் அச்சாக மாதக்கணக்கில் ஆகும், அதனால் தட்டுக்கான பிரதியை முன்னதாகவே ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு கலைஞர் சேர்க்கும் பாட்டு தட்டில் ஏறாது.

அடுத்த மாதமே டெய்லர் ஸ்விஃப்ட் ஓர் ஆல்பத்தை நள்ளிரவில் வெளியிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மேலும் 15 பாடல்களைச் சேர்த்த பதிப்பை விட்டார். முன்பதிவு செய்தவர்கள் அதற்குள் பணம் கட்டியாயிற்று.

பாப் ஆல்பத்துக்கு நான் சொல்லும் காலக்கெடு ஆறு மாதம். அதற்குள் டீலக்ஸ் வர வேண்டியிருந்தால் வந்துவிடும். பொறுக்க முடியாது என்றால் ஒரே ஒரு பதிப்பை வாங்கிவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள். ஐந்து அட்டையும் வேண்டும் என்றால் அது இசைச் செலவு அல்ல, சேகரிப்புச் செலவு. அதில் தப்பு ஒன்றுமில்லை, கணக்கை மட்டும் தனியாக வையுங்கள்.

கேள்வி: முதன்முதலாக ரெக்கார்டு ப்ளேயர் வாங்கியிருக்கிறேன். புது ஆல்பங்களை எல்பியாக வாங்க ஆசை. 180 கிராம், வண்ணத் தட்டு, 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? குறை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எடையிலிருந்து தொடங்குவோம். சாதாரணத் தட்டு 140 கிராம் அளவில் இருக்கும். 180 கிராம் கையில் கனமாக, கம்பீரமாக இருக்கும், அவ்வளவுதான். தட்டின் வரியில் (ஊசி ஓடும் பள்ளத்தில்) செதுக்கியிருக்கும் ஒலிக்கும் எடைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வண்ணத் தட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. தட்டு முழுக்கப் படம் அச்சிட்ட 'பிக்சர் டிஸ்க்' மட்டும் கொஞ்சம் இரைச்சல் கூடியது. சுவரில் மாட்ட ஏற்றது.

உண்மையில் பார்க்க வேண்டியது நேரம். 33⅓ வேகத்தில் ஓடும் எல்பியின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம் வசதியான அளவு. அதற்கு மேல் திணித்தால் வரிகளை நெருக்க வேண்டும், அதற்காக ஒலி அளவையும் பாஸையும் (அடித்தொனியையும்) குறைக்க வேண்டும். 55 நிமிட ஹிப்-ஹாப் ஆல்பத்தை ஒரே தட்டில் அடைத்திருந்தால் தள்ளி நில்லுங்கள், இரண்டு தட்டுப் பதிப்பு வரட்டும். எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் 12 அங்குலத் தட்டில் இரண்டே பாட்டை 45 வேகத்தில் போடுவது சும்மா இல்லை. அடிக்கிற பாஸுக்கு அந்த அகலம் வேண்டும்.

இனி குறைகள். பார்சலைப் பிரிப்பதிலிருந்தே செல்ஃபோனில் வீடியோ எடுங்கள். தட்டை ப்ளேயரின் சுழல்மேடையில் வைத்து, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஓட விடுங்கள். விளிம்பு அலை போல ஏறி இறங்கினால் வளைந்திருக்கிறது. லேசான வளைவை ஊசி சமாளித்துவிடும், ஊசி துள்ளினால் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து, பாட்டு ஓடும்போது ஊசி தாங்கும் கையை மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இடம் வலமாக ஆடினால் நடுத்துளை மையம் தவறியிருக்கிறது. டிரம்ஸில் இது தெரியாது. பியானோவில் ஒரு சுரத்தை நீளமாகப் பிடிக்கும் இடத்தில் சுருதி தள்ளாடும். ஒரு ஜாஸ் தட்டில் இதைக் கேட்டுவிட்டு, பியானோக்காரருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிப்பது போன்ற 'சர்ர்' சத்தம். தட்டை விளக்குக்கு அருகே சாய்த்துப் பார்த்தால் வெளுத்த தையல் போட்டது போலத் தெரியும். அச்சில் வினைல் சரியாக நிரம்பாத குறை இது. கழுவினாலும் போகாது. நூற்றுக்கு நூறு திருப்பித் தர வேண்டிய சரக்கு.

அங்கங்கே 'டிக் டிக்' என்றால் அவசரப்படாதீர்கள். புதுத் தட்டிலும் தூசியும் மின்னூட்டமும் இருக்கும். ஒருமுறை துடைத்துவிட்டுக் கேளுங்கள். எதுவானாலும் இரண்டு பக்கங்களையும் திருப்பித் தரும் கெடுவுக்குள் முழுசாகக் கேட்டுவிடுங்கள். 'அப்புறம் கேட்கலாம்' என்று உறை பிரிக்காமல் வைத்திருந்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் புகார் சொன்னால் எந்தக் கடையும் கேட்காது. ஆர்டர் செய்யும்போதே, தட்டை அட்டைக்கு வெளியே வைத்து அனுப்பச் சொல்லலாம். வழியில் குலுங்கும் தட்டுதான் அட்டையின் ஓரத்தைக் கிழிக்கிறது.

கேள்வி: மகள் கேட்டாளே என்று கொரிய பாப் குழு ஒன்றின் ஆல்பம் வாங்கினேன். பெட்டியில் சிடியே இல்லை. போட்டோ அட்டைகளும் ஒரு க்யூஆர் கோடும்தான். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை, விவரத்தைப் படிக்கவில்லை. இதற்கு 'ப்ளாட்ஃபார்ம் ஆல்பம்' என்று பெயர். அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் செயலியில் பாட்டு வரும். வாங்கும் பக்கத்தில் 'பெட்டியில் உள்ளவை' என்ற பட்டியல் இருக்கும், அதில் சிடி என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

போட்டோ அட்டையை ஆல்பத்துக்குள் வைக்கும் வழக்கம் 2010-ல் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழுவின் ஆல்பத்திலிருந்து பிரபலமானது. எந்த உறுப்பினரின் அட்டை வரும் என்பது அதிர்ஷ்டம். 'செட்' வாங்கினால் எல்லா அட்டைகளும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். செட் என்றால் எல்லா உறைப் பதிப்புகளும் என்றே அர்த்தம், உள்ளே வரும் அட்டை அப்போதும் அதிர்ஷ்டம்தான். மகளுக்கு ஒரே ஒருவரின் அட்டைதான் வேண்டும் என்றால், ஆல்பம் ஒன்றை வாங்கிவிட்டு ரசிகர்களிடம் அட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படியும் உங்களைவிட அவளுக்குத்தான் அந்தச் சந்தை நன்றாகத் தெரியும்.

கேள்வி: மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஏற்கெனவே நூறு பதிவுகள் இருக்கும் படைப்பையே மறுபடி மறுபடி வெளியிடுகிறார்கள். புதுப் பதிவை ஏன் வாங்க வேண்டும்?

பதில்: வாங்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. நடத்துநரும் (இசைக்குழுவை வழிநடத்துபவர்) தனி வாத்தியக்காரரும் வேறு என்றால் இசையே வேறாகிவிடும் என்பதுதான் ஒரே காரணம். பழைய பதிவையும் புதியதையும் எடுத்து, மெதுவான பகுதியை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகமான பகுதியில் எல்லாரும் கெட்டிக்காரர்கள். வித்தியாசம் மெதுவான இடத்தில்தான் தெரியும். பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்ட்ரீமிங்கில் தேடுவது முன்பு நரகம். 2023-ல் ஆப்பிள் இதற்கென்றே தனிச் செயலி விட்ட பிறகு, படைப்பு, நடத்துநர், இசைக்குழு என்று பிரித்துத் தேட முடிகிறது. ஸ்ட்ரீமிங் பக்கமே வராமல் இருந்த ஹைபீரியன் என்ற சாஸ்திரிய இசை லேபிளும் அதே ஆண்டில் வரத் தொடங்கியது.

ஒன்று சொல்ல மறந்தேன். செயலியில் 'க்ராஸ்ஃபேட்' (ஒரு பாட்டின் முடிவை மங்கவைத்து அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) இயங்கினால் அணைத்துவிடுங்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் பாயும். அந்தப் பாய்ச்சலின் மேல் க்ராஸ்ஃபேட் கைவைத்தால், பதிவு மோசம் என்று பாவம் இசைக்குழுவைத் திட்டுவோம்.

கேள்வி: ஜாஸ் மறுவெளியீடுகளில் 'அனலாக்', 'ரீமாஸ்டர்' என்றெல்லாம் போடுகிறார்களே, நம்பலாமா?

பதில்: மாஸ்டரிங் என்பது வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்வது. 'ரீமாஸ்டர்' என்பது அதை மறுபடி ஏதோ செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. யார் செய்தார், எந்த டேப்பிலிருந்து என்று அட்டையில் இருந்தால் நம்பிக்கை கூடும். அனலாக் (ஒலியை டிஜிட்டலாக மாற்றாமல் டேப்பிலிருந்து தட்டுக்குக் கொண்டுபோவது) விஷயத்தில் ஒரு கதை உண்டு. 2022-ல், மறுவெளியீட்டுத் தட்டுகள் போடும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், முழுக்க அனலாக் என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய தட்டுகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்ததை ஒப்புக்கொண்டது. வழக்கு வந்தது, சமரசத்தில் முடிந்தது. அதுவரை அந்தத் தட்டுகளின் 'அனலாக் கதகதப்பை'ப் புகழ்ந்தவர்களில் நல்ல காதுக்காரர்களும் இருந்தார்கள். இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம்: முத்திரைக்கு அதிகப் பணம் தராதே, கேட்டுப் பிடித்ததற்குத் தா.

கேள்வி: 24 பிட் ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமான டிஜிட்டல் பதிப்பு) டவுன்லோட் வாங்கலாமா, சிடி போதுமா?

பதில்: எதில் கேட்கிறீர்கள்? சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் என்றால் இரண்டும் வழியில் சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வரும். ஹை-ரெஸ்ஸுக்குத் தந்த கூடுதல் பணம் காற்றில் போச்சு. வயரில் கேட்பவருக்கும் சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் போதும். மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸை அது தாண்டிவிடுகிறது, வயது ஏற ஏற நம் எல்லை இறங்கவும் செய்கிறது. ஹை-ரெஸ் பதிப்புக்கு மாஸ்டரிங்கே வேறாகச் செய்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

டவுன்லோட் வாங்குவதில் உள்ள நிஜமான லாபம் வேறு. 2016-ல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் ஓர் ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் ஸ்ட்ரீமிங்கில் பாடல்களை மாற்றிக்கொண்டே இருந்தார். நேற்றுக் கேட்ட கலவை இன்று அங்கே இல்லை. உங்கள் வன்வட்டில் இருக்கும் கோப்பை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பாகவே இறக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுப்பது பொதுவாக 15 சதவீதம், அவர்கள் அறிவிக்கும் 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். சின்னக் கலைஞரின் ஆல்பம் என்றால் அந்த நாளுக்குக் காத்திருந்து வாங்குவேன்.

கேள்வி: புது மெட்டல் ஆல்பம் கேட்டால் இருபது நிமிடத்தில் காது களைக்கிறது. ஹெட்ஃபோன் கெட்டுவிட்டதா?

பதில்: அதே ஹெட்ஃபோனில் எண்பதுகளின் ஆல்பம் ஒன்றைக் கேளுங்கள். களைக்கவில்லை என்றால் ஹெட்ஃபோன் நிரபராதி. மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே உயரத்துக்கு நசுக்கி மாஸ்டர் செய்வதால் வரும் சோர்வு இது. மெட்டலில் இது ரொம்ப நாள் வியாதி. சில ஆல்பங்களுக்கு எல்பி மாஸ்டர் தனியாக, கொஞ்சம் மூச்சுவிட இடம் வைத்துச் செய்யப்படுகிறது, விவரக் குறிப்பில் அப்படி இருந்தால் அதை வாங்குங்கள்.

கேள்வி: கேசட்டும் திரும்ப வருகிறதாமே, வாங்கட்டுமா?

பதில்: ஞாபகத்துக்காக வாங்குங்கள், கூடவே டவுன்லோட் கோட் தருகிறார்களா என்று பாருங்கள். பரணில் இருந்து எடுக்கும் டெக்கில் ரப்பர் பெல்ட் அநேகமாக இளகிப் போயிருக்கும், அதை மாற்ற ஆகும் செலவு கேசட்டை மிஞ்சும். நாடா வெளியே வந்தால் திருப்பிச் சுற்ற ஒரு பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.