மகளின் குரலில் நாங்கள் பேசிச் சிரிப்பது பாவமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். பேச்சும் நடையும் இல்லை, ஃபிட்ஸ் வரும். அவள் பேசுவது போல நானும் கணவரும் குரல் மாற்றிப் பேசிச் சிரிப்போம். 'அந்த டாக்டருக்குத்தான் மூளை சரியில்லை' என்பது மாதிரி. ஊரிலிருந்து வந்த நாத்தனார் இதைக் கேட்டு, "பெத்தவங்க பேசுற பேச்சா இது?" என்று அழுதுவிட்டார். நாங்கள் செய்வது தப்பா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தப்பே இல்லை, சகோதரி. ராத்திரியெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சிரிக்கவும் உரிமை உண்டு.

இங்கிலாந்தின் பீட்டர் நிக்கோல்ஸ், கடுமையான ஊனத்தோடு பிறந்த தன் மகளை வளர்த்த அனுபவத்திலிருந்து ஒரு நாடகம் எழுதினார். 'எ டே இன் த டெத் ஆஃப் ஜோ எக்.' 1967-ல் கிளாஸ்கோவில் அரங்கேறியது. அதில் வரும் பிரையும் ஷீலாவும் உங்களைப் போலத்தான்: மகள் ஜோவுக்குக் குரல் கொடுப்பார்கள், கைவிரித்த டாக்டரை நடித்துக் காட்டுவார்கள். நகைச்சுவை நாடகம்தான், அரங்கமும் சிரிக்கும்.

ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருவரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். ஜோ என்றாவது தேறுவாள் என்று ஷீலா உள்ளூர நம்புகிறாள். பிரைக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. அதோடு, மனைவி தன்னைக் கவனிப்பதில்லை என்ற ஏக்கம் வேறு. இதெல்லாம் பெரும்பாலும் வேடிக்கைப் பேச்சாகவே வெளியே வருகிறது. கடைசியில் மகளைச் சாகட்டும் என்று குளிரில் விடுகிறான். அவள் பிழைத்துக்கொள்கிறாள். அவன் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். அவன் போய்விட்டது ஷீலாவுக்கு அப்போதும் தெரியாது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மகளின் குரலை ஒருநாள் ஒதுக்கிவைத்து, அவரவர் குரலில் கணவரும் நீங்களும் பேசுங்கள். மகள் விஷயத்தில் அவர் எதை எதிர்பார்க்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எவ்வளவு களைத்திருக்கிறார் என்று கேளுங்கள். உங்களுடையதையும் சொல்லுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். யாராவது ஒருவர், 'இனி முடியாது' என்ற நிலையில் இருந்தால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், நாத்தனார்மேல் கோபம் வேண்டாம். அவர் அழுததும் பாசத்தில்தான். அடுத்த முறை வரும்போது ஒரு மத்தியானம் மகளை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் வெளியே போய் வாருங்கள். அதற்கு முன் சோறு ஊட்டும் விதம், மருந்து வேளை எல்லாம் கூட இருந்து சொல்லிக்கொடுங்கள். ஃபிட்ஸ் வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 108-ஐ அழைத்துவிட்டு உங்களுக்கும் போன் செய்யச் சொல்லுங்கள்.