கேளுங்கள், சொல்கிறோம்: மிதவைப் படகின் தளம்

கேள்வி: பழைய மிதவைப் படகு. அதை மிதக்கவைக்கும் அலுமினிய உருளைகள் நன்றாக உள்ளன. பலகை உளுத்து, இரும்புக் குறுக்குச்சட்டங்களும் துருவேறிவிட்டன. மொத்தமாகக் கழற்றலாமா?
– கண்டனூர் வாசகர்

பதில்: கூடவே கூடாது. உருளைகளை இணையாக நிறுத்துவதே அந்தச் சட்டங்கள்தான். பலகையைப் பெயர்த்ததும் மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். புதியதும் அலுமினியமாகவே இருக்கட்டும். தொண்டிப் பக்கம் உப்புநீரில் விடுவதானால் இரும்பு தொட்ட இடத்தில் உருளையே அரித்துப்போகும்.

தளத்துக்கு ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு) முத்திரையுள்ள 19 மி.மீ. மரைன் பிளைவுட். காரைக்குடியில் பழைய வீட்டுப் பர்மாத் தேக்கு கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். தனித்தனிப் பலகைகள் ஷீட்டைப்போல் சட்டத்தை விறைப்பாகப் பிடிக்காது. அறுத்த ஓரங்களுக்கும் போல்ட் துளைகளின் உட்புறத்துக்கும் இரண்டு கோட் எபாக்ஸி (நீர் புகாத பிசின் பூச்சு) கட்டாயம். உளுப்பு தொடங்குவதே அங்கேதான். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ், அடியில் நைலான் வாஷர்.