டே பெட்டுக்கு எத்தனை அங்குல மெத்தை போடலாம்?

கேள்வி: பின்புறமும் இரண்டு பக்கமும் சாய்மானம் வைத்த மர டே பெட் வாங்கியிருக்கிறோம். அடியில் இழுத்துப் போடும் சின்னக் கட்டிலும் உண்டு. பகலில் சோபா போல உட்காரத்தான் பயன்படும். அப்பா வந்தால் அதில்தான் படுப்பார். வயது 70, முழங்கால் வலி உண்டு. கடையில் 10 அங்குல மெத்தைதான் சொகுசு என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 10 அங்குல மெத்தை நல்ல மெத்தையாகவே இருக்கலாம். ஆனால் உங்களுடையது ராத்திரி மட்டும் கட்டில், மற்ற நேரமெல்லாம் இருக்கை.

கடைக்குப் போகும் முன் அளவுநாடாவை எடுங்கள். தரையிலிருந்து மெத்தை உட்காரும் குறுக்குச் சட்டம் வரை எவ்வளவு உயரம்? 12 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குல மெத்தை போட்டால் 18 ஆகும். உட்கார்ந்ததும் ஒன்றரை அங்குலம் அமுங்கினாலும் பாதம் தரையில் பதியும், சாதாரண நாற்காலி உயரம்தான். 10 அங்குலம் போட்டால் 22. குட்டையானவர்களுக்குக் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். அதற்காக ரொம்பத் தாழ்வாகவும் போய்விடக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருப்பதுதான் பெரிய பாடு. உங்கள் சட்டம் 10 அங்குல உயரத்தில்தான் இருக்கிறது என்றால், அப்பாவுக்காக 8 அங்குலம் போடுங்கள்.

அடுத்து சாய்மானம். சட்டத்திலிருந்து அதன் மேல் விளிம்பு 16 அங்குலம் என்றால், 10 அங்குல மெத்தை அதை விழுங்கி வெறும் 6 அங்குலத்தை மிச்சம் வைக்கும். முதுகுக்கு வைத்த தலையணை அதைத் தாண்டிப் பின்னால் விழும். எங்கள் வீட்டில் இந்தக் கூத்து ஒரு வருஷம் நடந்தது. ஆசைப்பட்டுத் தடிமனாக வாங்கியது நான்தான். இன்னொன்று, ஒற்றைக் கட்டிலின் அகலம் 36 அங்குலம். சோபாவில் உட்காரும் ஆழம் 20, 22 அங்குலம்தான் இருக்கும். மிச்ச இடத்தை நிரப்ப, சுவரோரம் நல்ல கனமான திண்டு இரண்டு போட்டால்தான் முதுகு சாயும்.

தடிமன் முடிந்தது. அப்புறம் உறுதி. படுக்கும்போது உடல் எடை மெத்தை முழுக்கப் பரவுகிறது. உட்காரும்போது முக்கால்வாசி எடை ஒரு சாண் இடத்தில், அதுவும் விளிம்பில் இறங்குகிறது. அதனால் டே பெட் மெத்தை முதலில் கெடுவது முன் விளிம்பில்தான். மெமரி ஃபோம் மட்டுமே தடிமனாக வைத்த மெத்தை உட்கார உதவாது. உடல் சூட்டில் இளகி உள்ளே இழுக்கும். ஸ்பிரிங் மெத்தை என்றால் ஓரம் முழுக்க ஃபோம் சுவர் வைத்ததா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்ததும் முன்னால் சரியும். தென்னைநார் மெத்தை உறுதிதான், ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து குழி விழுந்தால் எழும்பி வராது. லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த ஃபோம், நன்றாக மீளும், விலையும் எடையும்தான் கூடுதல். என் தேர்வு, அடியில் கெட்டியான ஃபோம், மேலே ஒரு அங்குலம் மட்டும் மென்மை.

ஃபோம் வாங்கும்போது ‘ஹார்டா, சாஃப்டா’ என்று மட்டும் கேட்காதீர்கள். அடர்த்தி என்ன என்று கேளுங்கள். கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கையில் கெட்டியாகத் தெரியும்படி செய்ய முடியும். சீக்கிரம் தளர்ந்துவிடும், அவ்வளவுதான். தினமும் உட்காரும் மெத்தைக்குக் கன மீட்டருக்கு 40 கிலோ அளவில் இருந்தால் நல்லது, 32-க்குக் கீழே போக வேண்டாம். கடைக்காரர் சொல்வதைத் தராசில் சரிபார்க்கலாம். 75க்கு 36 அளவில் 6 அங்குல ஃபோம், 40 அடர்த்தி என்றால் உறை இல்லாமல் பத்தரை கிலோ இருக்க வேண்டும். 5 கிலோதான் இருக்கிறது என்றால் அது 20 அடர்த்தி சரக்கு.

கடையில் எல்லாரும் மெத்தையின் நடுவில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் ஓரத்தில் உட்காருங்கள். பத்து நிமிஷம். கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப்போங்கள்.

அவருக்கு இரவில் இது கெட்டியாகத் தோன்றலாம். அதற்காக மெத்தையையே மென்மையாக வாங்க வேண்டாம். மெத்தைக்கு மேல் போடும், சுருட்டி வைக்கக்கூடிய 2 அங்குல மெல்லிய மெத்தை (டாப்பர்) ஒன்று வாங்கி, படுக்கும்போது விரித்தால் போதும்.

நீள அகலத்தைச் சட்டத்தின் உட்பக்கத்தில் அளந்து, அரை அங்குலம் குறைத்து வாங்குங்கள். மூன்று பக்கமும் அடைப்பு இருப்பதால், இறுக்கமாகப் போனால் விரிப்பைச் செருக விரல் நுழையாது. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், காற்றுத் துளை போட்ட ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டு, மேலே மெத்தை வையுங்கள்.

அடிக்கட்டிலுக்குத் தனி அளவு. அதன் பலகையிலிருந்து மேல் கட்டிலின் அடிச்சட்டம் வரை அளந்து, விரிப்புக்கும் போர்வைக்கும் ஒரு அங்குலமாவது கழித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 5, 6 அங்குலத்துக்கு மேல் இடம் இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுங்கள். தினமும் உட்காரும் முன் ஓரம் சுவர்ப் பக்கம் போய்விடும், இதுவரை யாரும் உட்காராத ஓரம் முன்னால் வரும்.