ப்ரோன்ஸா, ட்ரோல் தோலா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

நீங்க வால்ஹைம்ங்கிற வைகிங் கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதினதைப் படிச்சுட்டுதான் நானும் தம்பியும் ஆட ஆரம்பிச்சோம். இப்போ அதுல பிளாக் ஃபாரஸ்ட்ங்கிற காட்டுப் பகுதியில இருக்கோம், ரெண்டு பேருக்கும் இன்னும் மான்தோல் ஆர்மர்தான் (கவசம்). நாக்கு தள்ளி 20 ப்ரோன்ஸ் (வெண்கலம்) சேத்து வச்சிருக்கோம். ஒரு செட் ப்ரோன்ஸ் ஆர்மர் அடிச்சே ஆகணும், நம்பர் பெருசா இருக்குல்லங்கிறான் தம்பி. எனக்கு ட்ரோல்ங்கிற ராட்சசனோட தோல்ல செஞ்ச ஆர்மர் போதும்னு தோணுது, ஆனா அவன்கிட்ட பேசி ஜெயிக்க முடியல. இதுல ட்ரோலைப் பாத்தா ரெண்டு பேருமே ஓடிடறோம், அது வேற கதை. நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க.

– ஒரு வாசகி

வணக்கம்மா,

தம்பி சொல்ற நம்பர் நிஜம்தான். மான்தோல்ல தலை, மார்பு, கால்னு ஒவ்வொரு பீஸும் 2, மூணுக்கும் 6. ட்ரோல் 6 வீதம் 18, ப்ரோன்ஸ் 8 வீதம் 24. ஆனா இந்த கேம்ல ஆர்மரை அப்படியே அடியில கழிச்சுட மாட்டாங்க, அங்கதான் தம்பி கணக்கு இடிக்குது. அடி ஆர்மரோட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா நேரா கழித்தல்தான், அதுக்குக் கீழ இருந்தா அடியை அடியால பெருக்கி ஆர்மரோட நாலு மடங்கால வகுக்கணும். கிரேட்வார்ஃப் (அந்தக் காட்டுல சுத்தற குட்டி எதிரி) ஒண்ணு 14 அடி அடிக்குதுன்னு வச்சுக்கோங்க, இப்போ நீங்க போட்டிருக்கிற மான்தோல்ல 8 உள்ள இறங்கும். ட்ரோல் தோல்ல 2.7, ப்ரோன்ஸ்ல 2. அதாவது மான்தோலை விட்டு வெளிய வர்றதுதான் பெரிய தாவல், அதுக்கு மேல ப்ரோன்ஸ் குடுக்கிறது முக்கால் பாயிண்ட் கூட இல்ல. 60 அடி விழுந்தா ட்ரோல் தோல்ல 42, ப்ரோன்ஸ்ல 36, வெறும் வயித்தோட நின்னா உங்க உயிரே 25தான், ரெண்டுலயும் நேரா சமாதிதான் :) பன்னிக்கறி 30, மான்கறி 35 கூட்டும், அதை மொதல்ல தின்னுட்டு அப்புறம் ஆர்மர் பத்தி பேசச் சொல்லுங்க அவனை.

இந்த ஆறு பாயிண்டுக்கு என்ன விலைன்னு பாருங்க. மூணு பீஸுக்கும் 15 ப்ரோன்ஸ், அதாவது 30 காப்பர் 15 டின், எல்லாத்தையும் தோண்டி, கரி போட்டு உருக்கி, அதுவும் உலோகத்தை போர்ட்டல் (ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குத் தாவற வாசல்) உள்ள விடாதுங்கிறதால வண்டியில இழுத்துட்டு வந்து... உங்களுக்கே தெரியும். இதெல்லாம் பண்ணி மாட்டினா மார்புக்கவசம் 5, கால்கவசம் 5ன்னு வேகத்துல பத்து சதவீதம் போயிடும். பாத்ததும் ஓடறவங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, ஓடறவங்களுக்கு எதுக்கும்மா கனமான சட்டை? ட்ரோல் தோல்ல வேகம் குறையாது, முழு செட் போட்டா பதுங்கி நடக்கிறதும் சுலபமாகும், தோலை போர்ட்டல் வழியா தூக்கிட்டும் வந்துடலாம். அப்கிரேட் ஒவ்வொண்ணுக்கும் 2 கூடும், அதனால ட்ரோல் தோலை ஒரு லெவல் ஏத்தினாலே தம்பியோட 24 வந்துடுது (பொருள் செய்யற வொர்க்பெஞ்சையும் கொஞ்சம் ஏத்தணும், அது எப்படியும் பண்ணப்போறதுதான்).

பிரச்சினை ட்ரோலை அடிக்கிறதுதான். அதுக்கு உயிர் 600, ரெண்டு பேர் பக்கத்துல நின்னா இன்னும் கூடும். கதாயுதத்தை வச்சு மொத்தாதீங்க, மழுங்கல் அடி அதுக்கு சரியா ஏறாது, குத்தற அடிதான் வீக்னெஸ், அதனால ஆளுக்கொரு வில்லும் நிறைய அம்பும். பரியல் சேம்பர் (நிலத்தடி கல்லறை) வாசல்ல நின்னுக்கோங்க, அம்பு விடுங்க, கிட்ட வந்தா உள்ள நுழைஞ்சிடுங்க, அதால உள்ள வர முடியாது, கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்து மறுபடி விடுங்க. அசிங்கமான வழிதான், எனக்கு வெக்கமில்ல. மொதல் அம்பை மட்டும் அது உங்களைக் கவனிக்காதப்போ விடுங்க, அடி பல மடங்கு ஏறும். மரத்துக்குப் பின்னாடி ஒளியாதீங்க, மரத்தோட சேத்து உங்களையும் சாச்சுடும். காப்பர் பாறைக்குப் பக்கத்துல அடிக்க விட்டா அது வீசற வீச்சுல பாறையும் உடைஞ்சு காப்பர் கொட்டும், இலவச கூலியாள். ஒரு ட்ரோலுக்கு 5 தோல் கிடைக்கும், மூணு ட்ரோல்ல ஒருத்தருக்கு சட்டை, கால்சட்டை, தலைக்கவசம் முடிஞ்சுது. தலைக்கவசத்துக்கு எலும்பு 3 வேணும், அது சேம்பர் உள்ள எலும்புக்கூடுகள்கிட்டயே இருக்கு. கேப் மட்டும் 10 தோல் தின்னும், மெதுவா பண்ணிக்கலாம்.

அந்த 20 ப்ரோன்ஸை என்ன பண்றது? கோடாலிக்கு 8, அது இருந்தாதான் பர்ச் மரம் வெட்டி ஃபைன்வுட் (உயர்தர மரக்கட்டை) எடுக்க முடியும், ஃபைன்வுட் இல்லாம தெப்பத்தைத் தாண்டி படகு கிடையாது. பக்லருக்கு (சின்னக் கேடயம்) 10. சரியான நேரத்துல பேரி பண்ணினா (அடியைத் தட்டி விட்டா) ஒரு பக்லர் காப்பாத்தற அளவு அந்த மூணு பீஸும் சேந்து காப்பாத்தாது. மிச்சம் 2 பெட்டியில கிடக்கட்டும், அடுத்து உருக்கறதுல விதை போடற கல்டிவேட்டருக்கு 5 ஒதுக்குங்க, கேரட் விளைஞ்சு கேரட் சூப் வந்தப்புறம் ஸ்டாமினா (ஓட, அடிக்க வேண்டிய தெம்பு) வேற மாதிரி இருக்கும்.

தம்பி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. சேம்பர் உள்ள இடுக்குல ஓட இடமில்ல, அங்க எப்பவும் அவன்தான் கேடயத்தோட முன்னாடி நிப்பான்னா அவன் ஒருத்தனுக்கு மட்டும் ப்ரோன்ஸ் அடிக்கலாம், ஆனா மேல சொன்னதெல்லாம் பண்ணினப்புறம். அடுத்த பகுதியான ஸ்வாம்ப் (சதுப்பு நிலம்) போய் இரும்பு கிடைச்சதும் ஒரு பீஸே 14, ப்ரோன்ஸ் செட் அன்னைக்கே பெட்டிக்குள்ள போயிடும். இரும்பு ஆர்மர்ல ஒவ்வொரு பீஸுக்கும் 20 இரும்புன்னு இப்பவே அவன்கிட்ட சொல்லி வைங்க, தோண்டறது அவன் முறை.